இறக்கம்தானே, சேர்

ஓய்வு பெற்ற அன்று கராஜில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் கிரீமில் ஒரு ஸ்பேனர் வரைந்திருந்தார்கள். பார்க்க மீன் முள் மாதிரி இருந்தது. என் வாயில் கேக்கைத் திணித்த கையோடு எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்.

"அண்ணே, கடைசியா ஒருக்கா அந்த பொம்ப கதையச் சொல்லுங்க."

சொன்னேன். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எந்த இடத்தில் நிறுத்தினால் எவன் தேநீரைத் துப்புவான் என்பதுகூட எனக்குத் தெரியும். அன்றும் துப்பினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன்: இந்தக் கதையின் மிச்சத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதில் சிரிக்க அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சச் சிரிப்பும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியது.

இப்போது ஹைபிரிட் கார் வந்தால் கராஜில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, என்ன கோளாறு என்று வாசித்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி காரின் கோளாறை மட்டும்தான் காட்டும். திருத்துகிறவன் கோளாறைக் காட்டும் பெட்டியை இன்னும் எவனும் செய்யவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். கொழுந்து ஏற்றும் லொறிக்குக் கிளீனராகப் போய், பிறகு தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் போட்டு, இருபத்து நாலு வயதில் ஹட்டனில் சுனில் பாஸின் கராஜுக்கு வந்து சேர்ந்தேன். என் படிப்பு இவ்வளவுதான். ஒரு வரியில் அடங்கிவிட்டது.

சுனில் பாஸ் கேகாலைப் பக்கத்துச் சிங்களவர். தமிழை நட்டும் போல்ட்டும் பொருத்துவது மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பேசுவார். மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் கை கழுவுவார்கள். அவர் தொடங்கும் முன்பு கழுவுவார். சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துணியில் துடைத்துவிட்டுத்தான் போனட்டின் பக்கம் போவார். கத்த மாட்டார். நாம் பிழை விட்டால் நம்மைப் பார்த்துவிட்டு, அந்த நட்டை அவரே கழற்றி, நம் கையில் வைப்பார். அது கத்துவதைவிட மோசம்.

வண்டி உள்ளே வந்தால், ஓட்டி வந்தவரை பெஞ்சில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்றது? ஏற்றமா, இறக்கமா? நிற்பதற்கு முன் என்ன கேட்டது? பதில் முடியும்வரை ஸ்பேனர் பெட்டியைத் திறக்க விடமாட்டார்.

மலைநாட்டு வண்டிகளின் பாதி நோய் அந்த இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். ஏற்றத்தில் சூடேறினால் தண்ணீர் பம்பு, ரேடியேட்டர், பெல்ட். இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு. வண்டி தன் எடையில் உருளும், காற்று ரேடியேட்டரை ஆற்றும். சூடேறிய லொறியை எப்படியாவது ஒரு இறக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது ஹட்டனில் எந்தச் சாரதிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் வினை.

முதலில் பொம்ப கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு தோட்டத்து லொறியின் தண்ணீர் பம்பைக் கண்டியில் பேரிங் மாற்றக் கொடுத்திருந்தோம். நான் போய் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், பெயரை இன்னொரு தடவை பார்த்தான். பையைத் தொட்டுப் பார்த்தான். கனமாக இருந்தது.

"மே மொகத்த?" இது என்ன என்று கேட்டான்.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே இருக்கும்போது வாய்க்குள் இருப்பது தாய்மொழி நாக்கு மட்டும்தான். சிங்களத்தில் பம்புக்கு 'பொம்பயக்'. குண்டுக்கு 'போம்பயக்'. எழுத்தில் ஒரு கொம்புதான் வித்தியாசம். சத்தத்தில் இன்னொன்று இருக்கிறது: பம்புக்கு இரண்டு ப-வும் உதட்டை அடித்துத் திறக்க வேண்டும், குண்டுக்கு அடிக்கக் கூடாது. நமக்கோ ம்-க்குப் பின்னால் ப வந்தால் உதடு தானாகவே மெத்தென்று ஆகிவிடும். 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, கடைசிப் பு வேறு. பயத்தில் நான் 'தண்ணீர்' என்ற முன் சொல்லை விழுங்கிவிட்டேன். பின் சொல்லை மெத்தென்று, இழுத்துச் சொல்லிவிட்டேன்.

வரிசை ஒரு நொடியில் காலி. எனக்கு முன்னால் நின்ற தடித்த முதலாளி அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. குண்டு, குண்டு என்று எல்லோரும் கத்துகிறார்கள். எனக்கும் உயிர் பெரிதுதானே? நானும் ஓடினேன். பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, அவர்கள் ஓடிய பக்கமே ஓடினேன். நான் நெருங்க நெருங்க அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

கராஜில் கதை இந்த இடத்தில் முடியும். தேநீர் துப்பப்படும்.

அதற்குப் பிறகு மூன்று நாள் இருக்கிறது. முதல் அறை இடது காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் காதுக்குள் ஓர் ஈ குடியிருக்கிறது. பயம் வந்தால் இரையும். சீமெந்துத் தரையில் முழங்காலில் நிற்க வைத்து ஒரே கேள்வியை மூன்று நாளும் கேட்டார்கள்: யார் கொடுத்தது? கண்டியில் பேரிங் கடைக்காரர் என்ற உண்மையைச் சொன்னேன். அதைவிட நம்பமுடியாத பொய்யை அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த ஒரு பையனின் சத்தம் இரண்டாம் நாள் மத்தியானத்தோடு நின்றுபோனது. அவனை எங்கே கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் சுனில் பாஸ் வந்தார். கையில் இன்னொரு பழைய பம்பு. அதிகாரியின் மேசையில் வைத்து, அதன் சக்கரத்தை விரலால் சுற்றிக் காட்டினார். பத்து நிமிடத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"ராஜு, ஒதடு அடிக்கணும். பொம்ப. பொம்ப. நீ சொல்லு."

"பொம்ப."

"இல்ல. அது குண்டு. திரும்ப சொல்லு."

"எனக்கு வரல பாஸ்."

"வரும். சொல்லு."

கினிகத்தேனை வரைக்கும் சொல்ல வைத்தார். பக்கத்து ஆசனத்தில் இருந்த பெண் பயந்துபோய் வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஹட்டனை விட்டு ஒரு நட்டுக்கூடச் சுமந்து போகவில்லை. கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் எனக்கு வயிற்றுவலி வரும், இல்லாவிட்டால் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும். யாரும் கவனிக்கவில்லை. இவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறவனுக்கு உள்ளுக்குள் நடுக்கம் இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

இனி கார்.

போர் முடிவதற்கு முந்தைய வருடம். சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்தார். கல்விக் கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர். அரசாங்க அதிகாரிகளுக்குக் கிடைக்கும் வரிச்சலுகைப் பெர்மிட்டில் ஜப்பானிலிருந்து ஒரு ஹைபிரிட் காரை இறக்கியிருந்தார். ஹட்டன் கடைத்தெருவில் அது சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்கும், மாடுகள்கூட ஏமாந்துபோகும். திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஏறி உட்கார்ந்தால் ஒரு பெண் குரல் என்னவோ சொல்லும். சேரும் மரியாதைக்கு "ஓம் பிள்ளை" என்பார்.

அவருடைய மனைவியை ஊரே 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். என் மூத்த மகளுக்குத் தமிழ் படிப்பித்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் கண்டி ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் அந்த வளைவுகளில் அவரால் முடியாது. வட்டவளை தாண்டும் முன்பே வாந்தி வந்துவிடும். கார் ஓடினால்தான் டீச்சருக்கு அடுத்த மூன்று நாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் கராஜுக்கு வந்தார்கள். சுனில் பாஸ் மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பெஞ்சில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு என்னுடையது.

"எங்க சேர் நின்னுச்சு?"

"நேற்று, வட்டவளை கழிஞ்சு வரேக்க. ஏத்தம். சிவப்பு முக்கோணம் ஒண்டு எரிஞ்சது, பிறகு இழுவை இல்லாமப் போச்சு. அரை மணித்தியாலம் ஆறவிட்டு எடுத்தன், வந்திட்டுது."

"சத்தம் எதும் கேட்டுச்சுங்களா?"

"இந்தக் காரிலை என்ன சத்தம், தம்பி? அதுதானே கரைச்சல்."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "திரையிலை வந்த எழுத்தை அப்பிடியே பாத்து எழுதினனான். வாசியும் பாப்பம்."

"டீச்சர், இது தமிழ்ல இருந்தாலே எனக்குக் கஷ்டம்."

"தெரியும். உம்மட வேலைச் சீட்டிலை தண்ணீருக்கு ரெண்டு சுழி போட்டு விட்டிருக்கிறீர். மூண்டாவது சுழியையும் கழட்டி வித்துப்போட்டீரோ?"

கராஜே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே போனட்டைத் திறந்தேன். திறந்ததும் சிரிப்பு நின்றது.

உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள். அதில் ஓடும் மின்சாரம் ஆளைக் கரியாக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தண்ணீர் பம்புக்கும் அந்த வயர்களுக்கும் சம்பந்தமில்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் ரப்பர் கையுறை இரண்டு சோடி மாட்டி, தோட்டத்தில் மருந்தடிக்கப் போடும் ரப்பர் சப்பாத்தை மாட்டி, காலுக்குக் கீழே ஒரு பலகையும் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, கார் திருத்தப் போறீரோ, மீன் பிடிக்கப் போறீரோ?" என்றார் டீச்சர்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோளாறை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன்.

அந்தக் காரில் இரண்டு தண்ணீர்ச் சுற்று. ஒன்று எஞ்சினுக்கு. மற்றது இன்வேர்ட்டர் என்ற வெள்ளிநிறப் பெட்டிக்கு. பெரிய பெட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். அது சூடேறாமல் இருக்க, பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்னப் பம்பு தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு சின்னத் தண்ணீர்த் தாங்கி. அதன் மூடியைத் திறந்தேன். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை இரண்டு தடவை அமத்தினால் எஞ்சின் எழும்பாது, பம்பு மட்டும் ஓடும். டோர்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கிற பானை மாதிரிப் புரள வேண்டும். அசையவே இல்லை. என் முகம்தான் அதில் தெரிந்தது.

இன்வேர்ட்டருக்கு அடியில், முன் விளக்குக்குப் பின்னால் கையை விட்டுப் பம்பின் செருகியைக் கழற்றி, சோதனை பல்பை வைத்தேன். பல்ப் எரிந்தது. மின்சாரம் வருகிறது, பம்பு ஓடவில்லை. செருகியைத் திரும்ப மாட்டி, ஸ்பேனரின் பிடியால் பம்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் படுத்துவிட்டால் தோட்டத்து லொறிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரு நடுக்கம், ஒரு ரீங்காரம். தாங்கியில் தண்ணீர் புரண்டது. பம்பு சாகப்போகிறது, புதிதாகப் போட வேண்டும். இதில் சந்தேகமே இல்லை.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு இருக்கு. ஆள அனுப்புங்க," என்றான் கடைக்காரன்.

"பஸ்ல போட்டு விட ஏலாதா?"

"இந்த நேரத்துல ஆள் இல்லாத பார்சல எந்த பஸ்காரன் ஏத்துவான்? கையில கொண்டு போனாத்தான்."

நாளை புதன். காலை முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயும் முன் திரும்பிவிடலாம். வியாழன் விடியும் முன் காரில் பூட்டிவிடலாம். கணக்கு அவ்வளவு சுலபம். தொலைபேசியை வைத்துவிட்டு அந்தப் பம்பைத் திரும்பப் பார்த்தேன். கைக்குள் அடங்கும் கறுப்பு உருண்டை. அதிலிருந்து இரண்டு வயர். குண்டு ஒன்று வரை என்று யாரிடம் சொன்னாலும் இதைத்தான் வரைவார்கள். இதைப் பையில் போட்டுக்கொண்டு, என் பெயர் போட்ட அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, கொழும்பிலிருந்து நான் பஸ் ஏறி வர வேண்டும். இடது காதில் ஈ இரைய ஆரம்பித்தது. கராஜில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவனை அனுப்பியிருக்கலாம். "ஏன், நீங்க போகலையா?" என்று கேட்டால் என்ன சொல்வது? வயிற்றுவலியை அதற்கு முந்திய மாதம்தான் பாவித்திருந்தேன்.

சேர் வந்து நின்றார். "என்ன மாதிரி, தம்பி?"

"பம்பு கொஞ்சம் மக்கர் பண்ணுது சேர். தட்டி விட்டுருக்கேன், ஓடுது. புதுசு போடணும். கொழும்புல இப்ப இல்லேங்கிறாங்க, அடுத்த வாரம்தானாம்."

"அப்ப வியாழக்கிழமை கண்டிக்கு?"

வாய் என்னுடையது. நாக்கும் என்னுடையது. இந்தத் தடவை துப்பாக்கி எதுவும் இல்லை.

"எறக்கம்தானே, சேர். போற வழி பூரா எறக்கம், வண்டிக்கு வேலையே இல்ல. வரும்போதுதான் ஏத்தம். அங்க நாலு மணி நேரம் ஆறிடும்ல. ரெண்டு எடத்துல நிப்பாட்டி மெதுவா ஏறி வாங்க."

"நீர் சொன்னாச் சரி," என்றார் சேர். டீச்சர் கதவைச் சாத்தும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மோசமான விடைத்தாளைப் பார்க்கிற பார்வை.

வியாழன் ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. கார் நின்றுவிட்டது. கினிகத்தேனைக்குக் கீழே, முழு இறக்கத்தில்.

அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் இந்தக் காரின் சக்கரங்கள் மோட்டாரைச் சுற்றி மின்சாரம் செய்கின்றன. அந்த மின்சாரம் முழுக்க இன்வேர்ட்டர் வழியாகத்தான் பெட்டரிக்குப் போகும். லொறி ஓய்வெடுக்கிற இடத்தில் இந்தக் கார் உழைக்கிறது. வட்டவளையிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெட்டி கொதித்திருக்கிறது.

நான் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. சேர் குடையோடு ரோட்டில் நின்று ஒவ்வொரு வாகனத்துக்கும் கை காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் முன் ஆசனத்தில். கால் வீங்கி, செருப்பு ஏறாமல் வெறுங்காலோடு இருந்தார். பதினொரு மணிக்கு அவருடைய முறை. நான் போனட்டைத் திறந்து பம்பைத் தட்டினேன். பிறகு அடித்தேன். பிறகு சுத்தியலை எடுத்து, கெஞ்சிக்கொண்டே அடித்தேன். அடித்த அடியில் விளக்குக் கண்ணாடி வெடித்தது. பம்பு அசையவில்லை.

"விடும் தம்பி," என்றார் டீச்சர் கதவுக் கண்ணாடியை இறக்கி. "உம்மட பம்பும் என்ர கிட்னியும் ஒரு பள்ளிக்கூடம். ரெண்டும் சொல்லாமக் கொள்ளாம லீவு எடுத்திட்டுதுகள்."

சிரிக்க முயன்றேன். என் தொழில் அது. வரவில்லை.

மழை நாள், காலியாக ஒரு வேனும் வரவில்லை. ஒரு மணிக்கு ஒரு மரக்கறி வேன் நின்றது. லீக்ஸ் கட்டுகளைத் தள்ளிவிட்டு டீச்சரைத் தூக்கி உட்கார வைத்தோம். அவர்கள் கண்டி சேரும்போது மூன்று மணி. அவருடைய முறையில் வேறொருவர் இயந்திரத்தில் இருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை வரச் சொன்னார்கள். கண்டியிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள்.

காரை ஒரு லொறியில் கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

போகும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அடித்து அடித்துப் பழகினேன். பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பல்வலி என்று நினைத்து ஒரு கராம்பு தந்தார். பஞ்சிகாவத்தையில் பம்பை வாங்கினேன். ஒளித்தால்தானே சந்தேகம் என்று, கண்ணாடிப் பையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாங்கினேன். திரும்பி வரும்போது செக்பொயின்ட். இறங்கினோம். வரிசை. சிப்பாய் என் பையைப் பார்த்தான்.

"மே மொகத்த?"

வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும் வந்தது. பையை அப்படியே நீட்டினேன், இரண்டு கையாலும், கோயிலில் தட்டு நீட்டுவது மாதிரி.

அவன் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. ஹைபிரிட் காரின் பம்புதானே என்றான். குருநாகலில் தன் மாமாவுக்குக் கராஜ் இருக்கிறதாம். லீவில் போனால் இதெல்லாம் அவன்தான் கழற்றுவானாம். காற்றை நன்றாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் சூடேறும் என்று எனக்குப் புத்தியும் சொல்லி அனுப்பினான்.

பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகப் பயந்தது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள் வாந்தி வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். சுனில் பாஸ் மாதிரியே முதலில் கை கழுவினேன். சின்னப் பெட்டரியின் கம்பியைக் கழற்றினேன். காரின் அடியை மூடியிருக்கும் தகட்டை இறக்கி, முன் விளக்கையும் கழற்றினேன். பம்புக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கவ்வியால் நெரித்துக்கொண்டு, வளையங்களைத் தளர்த்தினேன். மிச்சத் தண்ணீர் பேசினில் வடிந்தது. போல்ட்டுகள் கழன்று பழைய பம்பு கையில் வந்தது. என் சுத்தியல் தழும்பு அதில் இருந்தது. புதியதை வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, குழாய்களை மாட்டி, கூலன்டை மெதுவாக ஊற்றினேன். பிறகு காற்று எடுக்கும் திருகாணியைத் தளர்த்தி, பம்பை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தேன். களக், களக். ஊற்றினேன். திரும்பவும் களக். மூன்றாம் தடவை சத்தம் நின்றது. தாங்கியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் புரண்டு புரண்டு ஓடியது.

மூடியை மூடும்போது தொலைபேசி அடித்தது. சேர்.

"தம்பி, கார் சரியோ?"

"சரிங்க சேர். புதுப் பம்பு. தண்ணி நல்லா சுத்துது. இப்பவே கொண்டு வந்தா டீச்சர…"

"கொண்டு வாரும். டீச்சர் போயிட்டா."

வெள்ளி இரவே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இயந்திரத்தில் போடும் முன்பே இதயம் நின்றுவிட்டதாம்.

நான் அந்தக் காரைக் கண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முழுக்க இறக்கம். எந்த விளக்கும் எரியவில்லை. ஏறி உட்கார்ந்தபோது அந்தப் பெண் குரல் என்னவோ சொன்னது. நான் பதில் சொல்லவில்லை.

பின்னேரம் திரும்பினோம். முன்னால் மலர்ச்சாலையின் பிரேத வண்டியில் டீச்சர். பின்னால் நானும் சேரும். நாவலப்பிட்டி தாண்டினோம். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இறக்கம்தானே எண்டு அண்டைக்குச் சொன்னீர். தெரிஞ்சு சொன்னனீரோ?"

"எனக்குத் தெரிஞ்சது லொறி, சேர். லொறிக்கு எறக்கம் நல்லது. இந்தக் காருக்கு எறக்கத்துலயும் சூடாகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கொழும்பில் செவ்வாய்க்கிழமையே இரண்டு பம்பு இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தெரியாமல் நடந்ததுக்கு ஆரை நோகிறது," என்றார் சேர். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். கினிகத்தேனை வரைக்கும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கையும் என்னோடு அசைந்தது.

அவருடைய ஒரே மகனைக் கொழும்பில் இரண்டு தடவை செக்பொயின்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவனைக் கனடாவுக்கு அனுப்பினார். செக்பொயின்ட் பயம் என்றால் என்னவென்று ஹட்டனில் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "பயமா இருந்துச்சு சேர், அதான் போகல" என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு முழுதாக விளங்கியிருக்கும். விளங்கிவிடும் என்பதால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். விளங்கிக்கொண்ட பிறகும் அவர் கையை எடுத்திருந்தால்?

கல்யாணம் முடிந்து வந்த சுனில் பாஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ சாமானுக்கு அதே கடைக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்துவிட்டு என்னை நீண்ட நேரம் பார்த்தார். கடைக்காரன் சொல்லியிருப்பான். "ராஜு," என்றார், "இனி கொழும்பு எல்லாம் நீ போ." அன்றிலிருந்து நான்தான் போனேன். தண்டனையா, மருந்தா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் சேர் மகனிடம் போகப் புறப்பட்டார். காரை விற்க வேண்டும். தலவாக்கலையிலிருந்து ஒருவர் வந்து எங்கள் கராஜில் வைத்துப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிக் கார்ல பம்புதான் பிரச்சினைன்னு சொல்றாங்களே, இது நல்லா இருக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் சேர் முந்திக்கொண்டார்.

"இந்தத் தம்பி சொன்னா நீங்கள் நம்பலாம். தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுற மனிசன்."

வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.